யார் பார்க்கப் போகிறார்கள்?

எங்கள் கேமரா கிளப்பின் ஆண்டுக் கண்காட்சியில் படம் வைக்கும் ஒவ்வொருவரும் தம்மைப் பற்றி அரைப் பக்கத்துக்கு மிகாத குறிப்பு ஒன்றை எழுதித் தர வேண்டும். அதற்கு மூன்று தலைப்புகள் கொடுக்கப்பட்டிருக்கும்: பின்னணி, தாக்கங்கள், கிளப் உறுப்பினர் விவரம். முதலாவதையும் மூன்றாவதையும் எழுதச் சில நிமிடங்கள் போதும். இரண்டாவதைத்தான் நான் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தேன். மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று முந்தைய ஆண்டுகளின் குறிப்புகளைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தபோது, அந்த இடத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஏழெட்டுப் பெயர்களையே மாற்றி மாற்றி எழுதியிருந்தார்கள். நிலக்காட்சி எடுப்பவர் ஆன்சல் ஆடம்ஸ் என்கிறார். தெருவில் படமெடுப்பவர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்கிறார். முகங்களை எடுப்பவர் யூசுஃப் கார்ஷ் என்கிறார். இவை பொய்யில்லை, எல்லோரும் மெய்யாகவே வியந்து பார்த்த பெயர்கள்தாம். ஆனால் அதே ஆண்டுகளின் கண்காட்சிப் படங்களையும் பக்கத்தில் பரப்பி வைத்துப் பார்த்தால், ஆடம்ஸைச் சொன்னவரின் படமும் கார்ஷைச் சொன்னவரின் படமும் ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் போல இருக்கின்றன. இரண்டிலும் ஒரே அளவு கூர்மை, ஓரங்களில் ஒரே மாதிரியான இருட்டு, கண் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதில் ஒரே மாதிரியான உறுதி. அப்படியானால் தாக்கம் என்று எழுத வேண்டியது எதை என்ற கேள்வி அன்று எழுந்தது. கண்காட்சி முடிந்த பிறகும் அது என்னை விடவில்லை.

என் பின்னணியில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பிழைப்புக்குக் கணக்குத் தணிக்கை பார்க்கிறேன். அப்பாவின் நண்பர் ஒருவர் வைத்துவிட்டுப்போன பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் கேமராவும், அதில் மாட்டியிருந்த ஒரே ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸும்தான் ஆரம்பம். அதன் ஒளிமானி வேலை செய்யவில்லை. ஆகவே ஃபிலிம் பெட்டியின் உட்புறத்தில் அச்சிட்டிருக்கும் சிறிய பட்டியலைப் பார்த்து, வெயிலுக்கு இவ்வளவு, நிழலுக்கு இவ்வளவு என்று அப்பர்ச்சரையும் (ஒளி நுழையும் துளையின் அளவு) ஷட்டர் வேகத்தையும் ஊகித்து வைப்பேன். ஒரு சுருளில் 36 படங்கள். கழுவி வரும்வரை எது தேறியது என்று தெரியாது. எடுத்த படத்தை அன்று யாருக்கும் காட்ட வேண்டியிருக்கவில்லை என்பதுதான் அந்தக் காலத்தைப் பற்றி இப்போது எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. வீட்டார் தங்கள் முகம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். மற்றவற்றைப் பார்க்க நான் ஒருவன்தான். எனவே எதற்கும் பொருந்தாத, எவருக்கும் விளக்க முடியாத படங்கள் நிறைய எடுத்தேன். அவற்றில் பெரும்பாலானவை குப்பை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தனியே கற்றவனின் தூய்மை என்றெல்லாம் எனக்கு எந்த மயக்கமும் கிடையாது.

கிளப்பில் கண் பழகும் விதம்

கிளப்பில் சேர்ந்த பிறகு இது மாறியது, பெரும்பாலும் நல்ல விதமாகவே. தொடுவானம் சாய்ந்திருக்கிறது என்று ஒருவர் சொல்லும்வரை அது நம் கண்ணில் படுவதில்லை. திரையில் பளிச்சென்று தெரியும் படம் காகிதத்தில் ஏன் மங்கிப்போகிறது, கறுப்புக்குள் இன்னும் எவ்வளவு விவரம் மிச்சமிருக்கிறது, பிரிண்டை மவுண்ட் செய்யும்போது கீழ் விளிம்பில் ஏன் சற்று அதிக இடம் விடுகிறார்கள் என்பதையெல்லாம் எந்தப் புத்தகத்தைவிடவும் வேகமாக எனக்குக் கற்பித்தவர்கள் அங்கே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர்கள்தாம். கிளப்புகளைக் கேலி செய்து எழுதுவது இன்று எளிதான காரியம். கேலி செய்பவர்களில் பலர், தம் படத்தை அந்நியர் இருபது பேர் முன்னால் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அனுபவத்தை ஒருமுறைகூடப் பட்டதில்லை என்பது என் ஐயம்.

ஆனால் போட்டி மாலைகளின் நடைமுறையை உற்றுப்பார்க்க வேண்டும். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வருகின்றன. மூன்று நடுவர்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொத்தான் பெட்டி. படம் தோன்றுகிறது, மூவரும் எண்ணை அழுத்துகிறார்கள், கூட்டுத்தொகை வருகிறது, அடுத்த படம். பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் வந்து குவிவதால் ஒவ்வொன்றுக்கும் சில நொடிகளுக்கு மேல் கொடுக்கவே முடியாது. உள்ளூர்ப் போட்டிகளும் அந்த முறையையே சிறிய அளவில் பின்பற்றுகின்றன. நடுவர் கெட்டவர் என்பதால் வரும் குறை இல்லை இது. நேரத்தை எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அவ்வளவுதான். அந்தச் சில நொடிகளில் தன்னை முழுவதும் சொல்லிவிடும் படமே மதிப்பெண் பெறும்; ஆகவே அப்படிச் சொல்லிவிடும் படத்தை எடுக்க உறுப்பினர்கள் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறார்கள். ஒற்றைப் பொருள், தெளிவான பின்னணி, கண்ணை இழுத்துச் செல்லும் ஒரு கோடு, வெளிச்சமான இடத்தில் முகம். யாரும் யாருக்கும் இதைக் கட்டளையாகச் சொல்வதில்லை. சென்ற மாதம் எதற்கு அதிக எண் விழுந்தது என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், அவ்வளவே.

நாங்கள் விதி என்று நினைத்துக்கொண்டிருப்பவற்றின் வரலாறும் சுவையானது. சட்டகத்தை மூன்றாகப் பிரித்துப் பொருளை அந்தக் கோட்டில் வைக்கச் சொல்லும் மூன்றிலொரு பங்கு விதி, 1839இல் புகைப்படத்தின் தொடக்கமான டாகேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்படுவதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயச் செதுக்கோவியர் 1797இல் நாட்டுப்புறக் காட்சிகளைத் தீட்டுவது பற்றி எழுதிய நூலில் அது வருகிறது. அங்கே அவர் பேசுவது நிலத்துக்கும் வானத்துக்கும், ஒளிக்கும் நிழலுக்கும் இடையே இருக்க வேண்டிய விகிதத்தைப் பற்றி. பின்னர் ஹென்றி பீச் ராபின்சன் 1869இல் சித்திரக்கலையின் அமைப்பு விதிகளைப் புகைப்படக்காரர்களுக்காகத் தொகுத்து எழுதினார். அந்த நூல் பல பதிப்புகள் கண்டது. சங்கங்களிலும் கண்காட்சிகளிலும் அந்த விதிகள் வழிவழியாக வந்து, இன்று என் கேமராவின் திரையில் நான்கு மெல்லிய கோடுகளாக நிற்கின்றன. நடுவர் ஒருவர் எங்கள் படத்தைப் பார்த்து "பொருள் நட்டநடுவில் இருக்கிறது" என்று குறை சொல்லும்போது, ஸ்மித்தின் பெயரையே கேட்டிராத இருவர் அவருக்காக வாதாடிக்கொண்டிருக்கிறோம். தாக்கங்கள் என்ற தலைப்பின் கீழ் அவர் பெயரை எழுதியவர் எங்கள் கோப்பில் ஒருவர்கூட இல்லை.

அந்தப் பெயர்களுக்கும் ஒரு கிளப் இருந்தது

என் குறிப்பில் நான் எழுத நினைத்திருந்த புகைப்படக்காரர்களின் பெயர்கள்: ஹங்கேரியரான ஆந்த்ரே கெர்தேஸ், செக் நாட்டவரான யோசெஃப் சுடெக், பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ்காரரான ஜூலியா மார்கரெட் கேமரன், அமெரிக்கரான மைனர் வைட். இவர்களைப் பற்றி மீண்டும் படிக்கத் தொடங்கியபோது, இத்தனை நாள் கவனிக்காமல் கடந்துவந்த ஒரு பக்கம் கண்ணில் பட்டது. இவர்கள் ஒவ்வொருவருக்கும் எங்களுடையதைப் போன்ற ஒரு சங்கம் இருந்திருக்கிறது. சிலர் அதில் கற்றார்கள், சிலர் அதனோடு சண்டையிட்டார்கள், சிலர் இரண்டையும் செய்தார்கள்.

கெர்தேஸின் கதையைத்தான் நான் அதிகம் அசைபோட்டேன். அவர் அப்போது புடாபெஸ்ட் பங்குச் சந்தையில் எழுத்தர். படமெடுப்பது ஓய்வு நேரத்தில். 1923இல் ஹங்கேரிய அமெச்சூர் புகைப்படச் சங்கம் அவருடைய படம் ஒன்றை வெள்ளிப் பதக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தது. ஒரே நிபந்தனை, அதை புரோமாயில் முறையில் அச்சிட்டுத் தர வேண்டும். புரோமாயில் என்பது சாதாரண புரோமைடு பிரிண்டிலிருக்கும் வெள்ளியை வெளுத்து நீக்கிவிட்டு, அந்த ஜெலட்டின் மேல் எண்ணெய் மையைத் தூரிகையால் ஒற்றி ஒற்றிப் படத்தை மறுபடியும் எழுப்பும் வேலை. முடிவில் அது ஓவியம் போலவோ கரிக்கோட்டுச் சித்திரம் போலவோ தோன்றும். அந்தக் காலத்துச் சங்கங்களில் கலை என்றால் அதுதான். கெர்தேஸ் மறுத்துவிட்டார். பதக்கம் போயிற்று; ஒரு சான்றிதழ் கிடைத்தது. இரண்டு ஆண்டுகளில் அவர் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். இதை வாசிப்பவர்கள் வழக்கமாகச் சங்கத்தின் குருட்டுத்தனத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதே சங்கம்தான். அவர்களுடைய கண் அதை அடையாளம் கண்டது, அவர்களுடைய வழக்கம் அதற்கு வேறு உடுப்பு கேட்டது. இவ்விரண்டும் ஒரே அறையில், ஒரே மனிதர்களிடம், ஒரே மாலையில் நிகழ முடியும் என்பதை எங்கள் கிளப்பில் நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கேமரனுக்கு 1863இல், நாற்பத்தெட்டு வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். கோழிக்கொட்டகையைப் படம்பிடிக்கும் கூடமாகவும் நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாகவும் மாற்றிக்கொண்டார். மறு ஆண்டே லண்டன் புகைப்படச் சங்கத்தில் சேர்ந்தார். அந்த வட்டத்து விமர்சகர்கள் அவர் படங்களில் ஃபோகஸ் இல்லை, நெகட்டிவ் கண்ணாடித் தகட்டில் கறையும் விரல் தடமும் இருக்கின்றன என்று எழுதினார்கள். அவர்கள் சொன்னது உண்மையும்கூட. கறைகள் இன்றைக்கும் தெரிகின்றன. அவரோ தன் முறையை மாற்றிக்கொள்ளவில்லை, சங்கத்துக்குப் படம் அனுப்புவதையும் உடனே நிறுத்திவிடவில்லை. 1865இல் லண்டனின் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவருடைய படங்களை வாங்கியது. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த சுடெக், பிராகின் அமெச்சூர் வட்டத்து மூத்தவர்களோடு ஒத்துப்போகாமல் பிரிந்து, 1924இல் யாரோமிர் ஃபுன்கே முதலிய நண்பர்களோடு சேர்ந்து செக் புகைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்தை விட்டு வெளியேறியவர் செய்த முதல் காரியம் இன்னொரு சங்கத்தை அமைத்தது! அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆல்ஃபிரெட் ஸ்டீக்லிட்ஸ் இன்னும் ஒரு படி மேலே. நியூயார்க் கேமரா கிளப்பின் இதழை 1897 முதல் நடத்தினார். 1902இல், புகைப்படத்தைக் கலையாக ஏற்கவைக்க முனைந்த ஃபோட்டோ-செசஷன் குழுவை உண்டாக்கினார். 1908இல் கிளப் அவரை நீக்கியது. அவர் எதிர்த்து நிற்கவே திரும்பச் சேர்த்துக்கொண்டது. பிறகு அவரே விலகினார். விலகுவதற்கும் ஒரு கிளப் வேண்டியிருக்கிறது.

ஒருகாலத்தில் அமெச்சூர் என்பது தாழ்வைக் குறித்த அடையாளமாக இருக்கவில்லை என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது. தொழில்முறைக்காரர் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டியவர். அமெச்சூருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நல்ல படைப்புகளில் பெரும்பகுதி விருப்பத்துக்காகப் படமெடுப்பவர்களிடமிருந்தே வருகிறது என்று ஸ்டீக்லிட்ஸ் 1899இல் எழுதினார். 1888இல் வந்த கோடக் கேமராவில் நூறு படங்களுக்கான சுருள் ஏற்கெனவே இருக்கும். முடிந்ததும் கேமராவையே ஆலைக்கு அனுப்பிவிட்டால் படங்களும் புதுச் சுருளும் வந்து சேரும். எவரும் படமெடுக்கலாம் என்ற நிலை வந்ததும், வேதியியலைக் கரைத்துக் குடித்திருந்த பழைய அமெச்சூர்களுக்குத் தாங்கள் வேறு என்று காட்டியாக வேண்டியிருந்தது. புகைப்படத்தை ஓவியம் போல ஆக்க முயன்ற பிக்டோரியலிசத்தின் மங்கல் லென்ஸுகளும் தூரிகை வேலைகளும் ஓரளவு அந்தத் தேவையிலிருந்து பிறந்தவை என்று நினைக்கிறேன். கைபேசியில் எல்லோரும் நன்றாகவே படமெடுக்கும் இன்றைய நாளில், எங்கள் போட்டிப் படங்களின் வானம் ஆண்டுக்காண்டு கறுத்துக்கொண்டே போவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

மதிப்பெண் எழுதிய மாலை

ஒரு பருவம் முழுவதும் மதிப்பெண் எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கணக்குப் பார்ப்பவன் என்பதால் கொடுத்தார்கள். நடுவர்கள் அழுத்தும் எண்கள் என் பலகையில் தெரியும். மூன்றையும் கூட்டி, படத்தின் எண்ணுக்கு நேரே எழுதி, செயலாளருக்குத் தலையசைக்க வேண்டும். அப்போது அவர் அடுத்த படத்துக்குப் போவார். படங்களைப் பார்க்க எனக்கு நேரம் இருக்காது, எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வசதி உண்டு. எண்கள் எவ்வளவு விரைவாக வருகின்றன என்பது தெரியும். மிக உயர்ந்த மதிப்பெண்களும் மிகத் தாழ்ந்த மதிப்பெண்களும் உடனே வந்துவிடும். நடுவாந்தரமானவற்றுக்குத்தான் நடுவர்கள் தயங்குவார்கள்.

அந்தப் பருவத்தின் ஒரு மாலையில், இடைவேளைக்குச் சற்று முன்பு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. காத்திருப்புக் கூடம் ஒன்றின் உட்புறம். வரிசையாகக் காலி நாற்காலிகள், வலது பக்கம் ஒரு பெரிய கண்ணாடிச் சன்னல், அதன் அருகே வரிசையை விட்டு வெளியே இழுத்துப் போடப்பட்ட ஒற்றை நாற்காலி. படம் முழுவதும் சாம்பல்; அழுத்தமான கறுப்பும் இல்லை, பளிச்சென்ற வெள்ளையும் இல்லை. ஐந்து, நான்கு, ஐந்து. முப்பதுக்குப் பதினான்கு. அந்த எண்கள் மிக விரைவாக வந்தன. நான் எழுதித் தலையசைத்தேன். செயலாளர் இடைவேளை என்று அறிவித்துவிட்டு எழுந்து போனவர், ப்ரொஜெக்டரை அணைக்க மறந்துவிட்டார். படம் திரையிலேயே நின்றது.

முதலில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. லென்ஸ் விலையையும் அடுத்த வெளியூர்ப் பயணத்தையும் பேசிக்கொண்டிருந்தவர்களின் பின்னால் அது பாட்டுக்கு இருந்தது. பேச்சு நடுவே ஒருவர் கண்ணை ஓட்டுவார், திரும்பிக்கொள்வார், மறுபடியும் ஓட்டுவார். கொஞ்ச நேரத்தில் எங்கள் மூத்த உறுப்பினரான ஓர் அம்மையார் திரைக்கு மிக அருகில் போய் நின்றார். பதக்கம் எதையும் பெரிதாக நினைக்காதவர் அவர், பிரிண்ட் செய்வதில் எங்களில் யாரும் அவரை நெருங்க முடியாது. "கண்ணாடியைப் பாருங்கள், அதில் ஒருவர் இருக்கிறார்" என்றார். நாலைந்து பேர் கூடினார்கள். சன்னல் கண்ணாடியில், மிக மெல்லிய சாம்பலாக, ஒரு பெண்ணின் பிம்பம் இருந்தது. கேமராவுக்குப் பக்கத்தில், படமெடுத்தவரின் தோளருகே அவர் நின்றிருக்க வேண்டும். கேமராவை அவர் பார்க்கவில்லை. வரிசையிலிருந்து இழுத்துப் போட்ட அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கண்ட பிறகு நாற்காலி காலியாக இல்லை. யாரோ அதை அங்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள், எழுந்து போயிருக்கிறார்கள், இவர் நிற்கிறார். உள்ளே அழைக்கப்பட்டவருக்காகக் காத்திருக்கிறாரா, இனி வராதவரை நினைத்துக்கொண்டிருக்கிறாரா என்று இரண்டு பேர் தமக்குள் வாதிடத் தொடங்கிவிட்டார்கள். சாம்பல் நிறம் ஏன் தேவைப்பட்டது என்பதும் அப்போது புரிந்தது. கான்ட்ராஸ்டை, அதாவது கறுப்பு வெள்ளை வேறுபாட்டை, ஏற்றியிருந்தால் அந்தப் பிம்பம் அழிந்துபோயிருக்கும்.

நடுவர்களில் ஒருவர் என் மேசைக்கு வந்து, "இதற்கு நான் எவ்வளவு போட்டேன்?" என்று மெதுவாகக் கேட்டார். ஐந்து என்றேன். மாற்ற முடியுமா என்று அவர் கேட்கவில்லை; பதிவானது பதிவானதுதான் என்ற விதி அவருக்குத் தெரியும். ஆனால் இடைவேளைக்குப் பிறகு நடந்தது என் பலகையில் தெரிந்தது. மற்ற இருவரின் எண்கள் முன்போலவே வந்தன. அவருடைய எண் மட்டும் வரத் தாமதமாயிற்று. படம் மாறியதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரையின் ஓரங்களையும் மூலைகளையும் பார்த்தார். நேரமாகிறது, அரங்கை உரிய நேரத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று செயலாளர் நினைவூட்டினார். இரண்டாம் நினைவூட்டலுக்குப் பிறகு அவரும் பழைய வேகத்துக்கு வந்துவிட்டார். படமெடுத்தவர் அன்று அரங்கில்தான் இருந்தார். அண்மையில் சேர்ந்தவர், அதிகம் பேசாதவர். அடுத்த மாதப் போட்டிக்கு அவர் அனுப்பிய படம், கறுத்த வானத்தின் கீழ் ஒற்றை மரம். இருபத்து நான்கு வாங்கியது.

அந்த இருபத்து நான்கை எழுதியபோதுதான் என் கேள்விக்கு ஒரு விடை பிடிபட்டது. அவருடைய அந்த மரத்துக்கு ஆன்சல் ஆடம்ஸ் காரணமில்லை. முந்தைய மாதம் விழுந்த பதினான்கே காரணம், அதாவது நாங்கள் காரணம். அமெச்சூர் ஒருவரின் படத்தை வடிவமைப்பவர்களில் அவர் வியக்கும் மேதைகளின் இடம் சிறியது. அடுத்த மாதம் அதைப் பார்க்கப் போகிற, பெயர் சொல்லும் தகுதியில்லாத இருபது முப்பது பேரும், அவர்கள் அதற்காக ஒதுக்கும் நொடிகளும்தான் அந்த வேலையில் பெரும்பங்கைச் செய்கின்றன. கெர்தேஸின் படங்களை நான் ஆண்டுக்கணக்கில் புரட்டியிருக்கிறேன். ஒவ்வொன்றும் மெல்லத்தான் திறந்தது. ஆனால் கேமராவைக் கண்ணில் வைக்கும் நேரத்தில் என்னுள்ளே பேசுவது அவருடைய குரலில்லை. பின்னணி கலங்கலாக இருக்கிறதே என்ற போட்டி நடுவரின் குரல். ஆகவே குறிப்பின் இரண்டாவது தலைப்பையும் மூன்றாவது தலைப்பையும் தனித்தனியே வைத்தது தவறு என்பது என் முடிவு. கெர்தேஸ் இன்று தன் குறிப்பை எழுதுவாரானால், புரோமாயில் கேட்ட சங்கத்தைத் தாக்கங்களின் கீழேதான் எழுத வேண்டியிருக்கும்.

பார்ப்பவர் யாரும் இல்லாவிட்டால்

அப்படியானால் கிளப் இல்லாமல் இருப்பதே நல்லதா என்று கேட்கலாம். இதற்கு எல்லோரும் கைகாட்டுவது விவியன் மேயரை. குழந்தைகளைப் பராமரிக்கும் வேலை செய்துகொண்டே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தவர். 2007இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்த பிறகுதான் உலகுக்குத் தெரிந்தார். அவரோ அந்தப் புகழை அறியாமலே 2009இல் இறந்துபோனார். எந்த நடுவரும் அவர் கண்ணைக் கெடுக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் கழுவாமலே விட்டுச்சென்ற சுருள்கள் ஏராளம் என்பதையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவற்றில் எது பிடித்தது, எதை ஒதுக்கியிருப்பார், எதைப் பெரிதாக அச்சிட்டிருப்பார் என்பவை நமக்குத் தெரியப்போவதில்லை; இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி பிறர் தேர்ந்தெடுத்தவை. சிறுவயதிலிருந்து தன் குடும்பத்தின் விளையாட்டுகளைப் படமெடுத்து ஆல்பங்களில் ஒட்டிவந்த ழாக்-ஹென்றி லார்த்தீக்குக்கு நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் கண்காட்சி 1963இல்தான், எழுபதை நெருங்கும் வயதில்தான், கிடைத்தது. இவை அழகான விதிவிலக்குகள். என் தரத்திலுள்ள ஒருவன் தனியாக விடப்பட்டிருந்தால் என்ன ஆகியிருப்பான் என்பதற்கு என் பழைய நெகட்டிவ்களே சாட்சி. பிறர் பார்வை எனக்கு வேண்டும். அது எவ்வளவு நேரம் நீடிக்கும் பார்வை என்பதில்தான் என் பிணக்கு.

மைனர் வைட் இங்கேதான் உதவுகிறார். 1930களின் இறுதியில் போர்ட்லாண்டில் இருந்தபோது ஒரேகன் கேமரா கிளப்பில் சேர்ந்து, அதன் இருட்டறையில் பழகியவர் அவர். பிற்காலத்தில் ஆசிரியரானபோது, ஒரே ஒரு பிரிண்டின் முன்னால் மாணவர்களை அமைதியாக உட்காரவைத்து, நெடுநேரம் பார்க்கச் செய்து, அதன் பிறகே பேசவைப்பார். அதில் அவருக்கிருந்த ஆன்மிகச் சாய்வு எனக்கு அதிகம் ஒட்டவில்லை, முறை ஒட்டியது. எங்கள் செயற்குழுவில் இதை எளிமையாக்கி ஒரு யோசனையாக வைத்தேன். இரண்டு மாதங்களுக்கு ஒரு கூட்டத்தில் மதிப்பெண் வேண்டாம். எட்டே படங்கள், பிரிண்டாக மட்டும். ஒவ்வொன்றும் பத்து நிமிடம் வெளிச்சத்தில் நிற்கட்டும். முதல் பாதியில் யாரும் பேசக் கூடாது. பிறகு நல்லது கெட்டது சொல்லாமல், என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். எடுத்தவர் கடைசியில்தான் வாய் திறக்கலாம்.

எதிர்ப்பு வந்தது, அதில் பாதி நியாயமானது. மதிப்பெண் இல்லாவிட்டால் புதியவர்களுக்கு எங்கே நிற்கிறோம் என்று தெரியாது என்றார் ஒருவர். பத்து நிமிடம் தாங்காத படத்தை வைத்தவரின் சங்கடத்துக்கு யார் பொறுப்பு என்றார் இன்னொருவர். நீண்ட நேரம் பார்த்தால் எந்தப் படத்திலும் ஏதாவது ஆழம் தெரியத்தான் செய்யும், அது படத்தின் தகுதியா பார்ப்பவரின் கற்பனையா என்று அந்த அம்மையார் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்றைக்கும் சரியான பதில் கிடையாது. நடத்திப் பார்த்ததில், கேள்விக்கு ஒரு துண்டு பதில் கிடைத்தது. சில படங்கள் மூன்றாவது நிமிடத்திலேயே தீர்ந்துபோகின்றன, யாருக்கும் சொல்ல எதுவும் எழுவதில்லை, அறையில் இருமல்தான் கேட்கிறது. போட்டியில் உச்ச மதிப்பெண் வாங்கிய என் படம் ஒன்றும் அப்படித் தீர்ந்தது. எல்லாப் படங்களிலும் ஆழம் தெரிவதில்லை என்பது அதனால் உறுதியாயிற்று. தெரிகிறவற்றில் எவ்வளவு படத்துக்குச் சொந்தம் என்ற பகுதி அப்படியே இருக்கிறது.

அந்தக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் போட்டி மாலைகளுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர்தான். காத்திருப்புக் கூடத்தை எடுத்தவர் வருகிறார், ஆனால் இதுவரை அந்தப் படத்தைக் கொண்டுவரவில்லை. போட்டிக்கு இப்போதும் மரங்களைத்தான் அனுப்புகிறார், நன்றாகவே வாங்குகிறார். நானும் போட்டியை விடவில்லை. செயற்குழு அடுத்த பருவத்துக்கு முன்வைத்திருக்கும் மாற்றம் வேறு: போட்டி மாலையில் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு படமும் முப்பது நொடி திரையில் நின்ற பிறகே பொத்தான் பெட்டிகள் இயங்கும்படி செய்வது. அப்படிச் செய்தால் ஒரு உறுப்பினர் ஒரு படம்தான் அனுப்ப முடியும் என்பதால் பலருக்கு அதில் விருப்பமில்லை. வாக்கெடுப்பு ஆண்டுப் பொதுக்குழுவில் நடக்கும். என் கணிப்பில் அது தோற்கும், ஆனால் நெருக்கத்தில் தோற்கும்.